விதவைக்கு இரண்டு மார்க்

கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு கீழ்த்தள ஹாலில் ஒருநாள் பயிற்சி. துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று தமிழ் தெரிந்த நர்ஸுகளுக்குக் காலையிலிருந்து பாடம். சாப்பாட்டுக்குப் பிறகு நடிப்புப் பரீட்சை.

பயிற்சியாளர் சிவராமகிருஷ்ணன், அப்போதுதான் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்த மாயம்மாளைக் கூப்பிட்டார்.

“நீங்கதான் விதவை. ஆத்துக்காரர் போய்ப் பத்து நாளாறது. அதிதி, நீ ஆறுதல் சொல்லு.”

“பதினாறு முடிஞ்சிருச்சு சார்.”

“ஏதோ ஒண்ணு. ஆரம்பிங்கோ.”

நர்ஸ் அதிதி மாயம்மாளின் கையைப் பிடித்தாள். “இப்போ எப்படி இருக்கேள்?”

“குறட்டைச் சத்தம் இல்லாம நல்லாத் தூங்குதேன். மீன் குழம்புல எனக்குப் பிடிச்ச மாதிரி புளியைக் குறைச்சிட்டேன்.”

வகுப்பே சிரித்தது.

“கண்ணீர் எங்கேம்மா?” சிவராமகிருஷ்ணன் கத்தினார். “பதினஞ்சு வருஷமா இதைச் சொல்லிக்கொடுக்கறேன். எந்த விதவையும் இப்படிப் பேசமாட்டா!”

“வர மாட்டேங்குதே சார். நேத்துகூட அவருக்கும் சேர்த்துச் சாயா போட்டுட்டேன். ரெண்டையும் நானே குடிச்சேன்.”

“நடிப்பு சுத்தமா வரலை. பத்துக்கு ரெண்டு.” எழுதிக்கொண்டே கேட்டார். “எந்த ஆஸ்பத்திரி நீங்க?”

“அவரு செத்த ஆஸ்பத்திரியக் கேக்கீங்களா?” மாயம்மாள் முந்தானையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். “அங்கதான் இதக் குடுத்தாங்க. புருஷன் செத்தவங்க இங்க வந்து மனசு விட்டுப் பேசலாமாம்.”

சீட்டில் இருந்தது இந்த ஹால் இல்லை, மாடி அறையின் எண். சிவராமகிருஷ்ணனின் பேனா அந்த இரண்டின் மேலேயே நின்றது.

“மார்க்கு பத்தாதுன்னா சொல்லுங்க சார், அடுத்த வாரம் அழுதுட்டு வாரேன்.”