எடையும் வயசும்

ரப்பர் பால் வெட்டிவிட்டு நேரே மருந்துக்கடைக்கு வந்த ராசமணிக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது.

“மூணு நாளா தூக்கமில்லீங்க நானா. இன்னைக்கு மரத்துக்குப் பதிலா கையை வெட்டியிருப்பேன். தூக்க மாத்திரை குடுங்க.”

“டொக்டர் எழுதின துண்டு இல்லாம ஏலாது தங்கச்சி,” என்றார் கடைக்கார நிஸ்தார் நானா. “பழைய வகை பழகிட்டா விடாது. புது வகை பரவாயில்ல, ஆனா அதுலயும் சில பேர் தூக்கத்துல எழும்பி நடக்குறாங்க.”

“நடந்தா நடக்கட்டும். வாயைத் தொறக்காம இருந்தா போதும்.”

“ஓ, வீட்டுக்காரருக்கா? டொக்டர் எடையும் வயசும் கேப்பாரே.”

“ரெண்டு கிலோ இருக்கும். வயசு ஒன்னு ஆகல.”

நிஸ்தார் பதறி எழுந்தார். “அல்லாஹ்! கைப்பிள்ளைக்கா?”

“சேவலுக்கு நானா, உங்க சேவலுக்கு! நடுச்சாமத்துல வேலி தாண்டி வந்து எங்க லயத்து வீட்டுக் கூரையில ஏறிக் கூவுது.”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இன்னையிலருந்து கூட்டுல அடைச்சு, சாக்குப் போட்டு மூடிர்றேன்.”

“மூடுங்க. ஆனா மூணு ராத்திரித் தூக்கம் நீங்க எனக்குப் பாக்கி.”