குடிகாரப் பட்டம்

"ஒரு சொட்டு குடிச்சிருந்தாகூட மனசு ஆறிடும் மேடம்! குடிக்காத மனுசனைப் போய் குடிகாரன்னு சொல்லி போட்லேர்ந்து எறக்கிட்டான் அந்த ஜெயவேலு!"

டாக்டர் ஜஹானாராவிடம் கொட்டித் தீர்த்தும் மலருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவள் புருஷன் செங்குட்டுவனுக்குக் காசிமேட்டு விசைப்படகில் வலை இழுக்கும் வேலை. போன மாதம் நடுக்கடலில் தள்ளாடி விழுந்தான். போட் டிரைவர் ஜெயவேல், "நல்லா ஊத்திக்கினு வந்துகிறான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

டாக்டர் செங்குட்டுவனை மெத்தென்ற ஸ்பாஞ்சு மேல் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காதுக்குப் பின்னாலும் லேசாகக் கரண்ட் விடும் பட்டைகளை ஒட்டினார்.

"கரண்ட்டா? இன்னாத்துக்கு மேடம்?" புயலுக்கே அசராத ஆளுக்குக் குரல் நடுங்கியது.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

வலது காதுப் பக்கம் கரண்ட் விட்டதும் உடம்பு தானாகச் சாய்ந்தது. இடது பக்கம் விட்டார். ஆள் அசையவே இல்லை.

"பாத்தீங்களா, எப்டி ஸ்டெடியா நிக்கிறாரு!" என்றாள் மலர் பெருமையாக.

"சாயணும்மா, அதுதான் சரி. இடது காதுல பேலன்ஸ் பார்க்கிற நரம்பு வேலை செய்யல. குடியெல்லாம் இல்ல. பயிற்சி செஞ்சா மூணு மாசத்துல தேறிடலாம். நான் சொன்னப்புறம் கடலுக்குப் போகட்டும்."

டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் மலர். புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, ரிப்போர்ட்டோடு நேரே காசிமேட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

டீக்கடையில் போட்காரர்கள் நடுவே ஜெயவேல் நின்றிருந்தான்.

"எல்லாரும் இத்த பாருங்க! எம் புருசனுக்கு..."

ஜெயவேல் பாய்ந்து வந்து ரிப்போர்ட்டைப் பிடுங்கினான். மடித்து அவள் கையிலேயே திணித்தான்.

"கத்தாத மலரு," என்றான் ரகசியமாக. "கூடவே கீறேன், அவன் குடிச்சிருந்தா எனக்கு வாசனை தெரியாதா? குடிகாரன்னா தெளிஞ்சதும் எந்த போட்லயும் ஏத்திக்குவானுங்க. தலை சுத்துற வியாதின்னு தெரிஞ்சா, குணமானாலும் ஒருத்தனும் ஏத்த மாட்டான். அதான் அப்டி சொல்லி வெச்சேன். டாக்டரு சரின்னதும் இட்டுனு வா. அவன் எடம் அப்டியே கீது."

இவனையா ஒரு மாதமாகச் சபித்துக்கொண்டிருந்தோம்?

"இன்னாம்மா, அவனுக்கு இன்னா?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

மலர் ரிப்போர்ட்டை முந்தானையில் முடிந்தாள். ஜெயவேலைப் பார்த்துக் கைகூப்பியபடியே உரக்கச் சொன்னாள்.

"எம் புருசன் மொடாக்குடியன், அண்ணா! மூணு மாசத்துல நிறுத்திடுவாரு!"