மூடாத போன்

போனின் முதுகைத் திறக்க வானொலி என்பவளின் நகம் தேவைப்பட்டது.

அக்காவுக்கு நகமே நிற்பதில்லை. விடுதியின் சலவைக்கூடத்தில் இருபது வருடம் விரிப்புகளைத் தேய்த்து மடித்ததில் விரல் நுனியில் ரேகைகூட மிச்சமில்லை. தொடுதிரை போன்கள் அவள் விரலை விரலாகவே மதிப்பதில்லை. அதனால்தான் மறுபடியும் பொத்தான் வைத்த, மடக்குகிற போன்.

அக்கா என்று கூடமே அவளைக் கூப்பிட்டது. கூடப் பிறந்தவள் மட்டும் நாலு மாதமாகக் கூப்பிடவில்லை.

பழைய போன் கீழே விழுந்து கீல் உடைந்துவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வானொலி பேட்டரியைத் தூக்கினாள். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள். ஒன்பது வருடமாக அக்காவுக்கு எதிரே நின்று பேசிக்கொண்டே இருப்பவள். போனோடு புது சிம்மும் இலவசமாக வந்திருக்கிறதே, அதைப் போடலாமே என்றாள்.

அக்கா பணப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பழைய சிம்.

இந்த நம்பர்தான் வேண்டும் என்றாள். தங்கைக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

தங்கையின் நம்பர் உபயோகத்தில் இல்லை. காவலாளியின் போனிலிருந்து எத்தனை தடவை அடித்தாலும் ஒரே பதில். நேரில் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டு வாசலில் வேறு யாருடைய செருப்போ கிடந்தது. இனி கூப்பிட்டால் அவள்தான் கூப்பிட வேண்டும்.

சிம் பொருந்தியது. போன் சிணுங்கிக்கொண்டு விழித்தது. வானொலி மொழியை மாற்றினாள், தேதி போட்டாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தாள். மணியோசைகள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டினாள். அக்கா இருப்பதிலேயே சத்தமானதைக் கேட்டாள். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே.

பிறகு பெயர்கள். மகன். வீட்டுக்காரம்மா. மேற்பார்வையாளர். வானொலி தன் பெயரையும் தானே ஏற்றிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அக்கா போனைத் திறந்தபடியே விரிப்பு அடுக்கின் மேல் சாய்த்து வைத்தாள்.

“மூடி வைங்கக்கா. வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குற மாதிரி கெடக்கு.”

அக்கா சிரித்தாள். மூடவில்லை.

மூடினால் அழைப்பு வராது என்று பயப்படுகிறாள் போல என்று வானொலி நினைத்தாள். போனைத் தானே மூடி, தன் போனிலிருந்து கூப்பிட்டுக் காட்டினாள். மூடிய போன் கூடம் அதிர அலறியது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, மூடினாலும் மணி அடிக்கும் அம்மா, இப்படியே வைத்தால் சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் நகர்ந்ததும் மறுபடி திறந்து வைத்தாள்.

இருபது விரிப்புகூட மடித்திருக்க மாட்டார்கள். மணி அடித்தது.

பெயர் இல்லை, வெறும் எண்.

அக்காவின் கையிலிருந்த முனைகள் நழுவின. போனை எடுத்துக் காதில் அழுத்தினாள்.

“சொல்லு பாப்பா.”

ஒரு பதிவுக் குரல். எதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இனிமையாக அடுக்கிக்கொண்டே போனது. எதிரே நின்ற வானொலிக்கும் அது கேட்டது. வையுங்கக்கா என்று சைகை காட்டினாள்.

அக்கா வைக்கவில்லை. அந்தக் குரல் எல்லாவற்றையும் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அதையும் சொல்லி, நன்றி கூறித் தானாகத் துண்டித்துக்கொள்ளும்வரை நின்றாள். பிறகு போனைத் திறந்தபடியே அடுக்கின் மேல் சாய்த்தாள். கீழே கிடந்த முனைகளை எடுத்தாள்.

விரிப்பு மடிக்க ஆளுக்கு இரண்டு முனை. தள்ளி நின்று உதறி, நீளத்தில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை முகத்துக்கு முகம் வருவார்கள். அப்படி வந்தபோது அக்கா சொன்னாள்.

“போன் கீழ விழல.”

வானொலி முனைகளை வாங்க மறந்து நின்றாள்.

“சண்டை. அவ, ‘அக்கா, இரு, ஒண்ணு சொல்லணும்’னா. நான் படார்னு மூடிட்டேன்.”

கீல் உடைந்தது அந்த வேகத்தில்தான்.

சொல்லாமல் போன அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்று நாலு மாதமாக ஒவ்வொரு விரிப்போடும் சேர்த்து மடித்துப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் அது திட்டாக இருந்தது. ஒரு நாள் மன்னிப்பாக இருந்தது. சில நாள் வெறும், சாப்பிட்டியா. எதுவாக இருந்தாலும், இந்த முறை அவள் முடித்த பிறகுதான் மூடுவது.

அடுக்கின் மேல் திரை மங்கியது. அக்கா கை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள். வெளிச்சம் வந்தது. பேட்டரியில் ஒரே ஒரு கோடு.

வானொலி தன் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சார்ஜரைச் செருகினாள்.