தொட்டிக்குள் ஆரஞ்சு வெளிச்சம்

"சும்மா ஜகஜ்ஜோதியா எரியுது சார். அதான் தொட்டியைக் கழுவ நாகப்பனை எறங்கச் சொல்ட்டேன்."

மேஸ்திரி உலகநாதன் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை வைத்து அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க ஒரு நாள் கரண்டு கொடுத்திருக்கலாம்.

வரதன் மேஜையை எட்டிப் பார்த்தார்.

ஆபீசில் போன் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போய் வந்தது மொத்தம் நாலே நிமிஷம்.

மேஜை மேல் அவர் செய்த பெட்டி. அதிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஒளியிழை கிளம்பி, மூன்று ஆள் உயர எண்ணெய்த் தொட்டியின் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. பெட்டியின் சின்னக் கண்ணாடியில் ஆரஞ்சு வெளிச்சம், கல்யாண மண்டப வாசல் போல.

இழையின் நுனியில் ஒரு சாயம். நீல ஒளி பட்டால் ஆரஞ்சாக மின்னும். ஆக்சிஜன் கிட்டே வந்தால் அந்த மினுக்கத்தை அமுக்கிவிடும்.

மங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. ஜகஜ்ஜோதியாக எரிந்தால், இறங்குகிறவன் பத்து எண்ணுவதற்குள் சாய்வான்.

ஐந்து வருஷம் பருத்திப்பட்டு வீட்டில் சமையலறையைப் பாதி பிடித்துக்கொண்டு இதைச் செய்தவர், அந்த ஒரு வரியை மட்டும் மேஸ்திரியிடம் சொல்லாமல் போனை எடுக்க ஓடியிருந்தார்.

உலகநாதன் மேலும் தப்பில்லை. குமணன்சாவடிப் பக்கம் நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் இறங்காதே, எரிந்தால் இறங்கு. அவர் பாட்டன் காலத்திலிருந்து ஒரு உயிர்கூடப் போனதில்லை.

தொட்டியில் எண்ணெய் காலி. அது காறிப்போகாமலிருக்க நிரப்பிய நைட்ரஜன் மட்டும் காலியாகவில்லை. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ஒரு இருமல்கூட வராது.

வரதன் ஓடினார்.

தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஏணிக்குப் போக இருபது அடி. அன்றைக்கு அது ஆவடி வரை நீண்டது.

"நாகப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அண்ணனூர் ஷெட்டில் நின்ற ரயிலெல்லாம் திடுக்கிட்டிருக்கும். மேலிருந்து மட்டும் பதில் இல்லை. கம்ப்ரசர்தான் கடகடத்துக்கொண்டிருந்தது.

பதினாறு படி. ஒவ்வொரு படியிலும் நாகப்பனின் பெண்டாட்டி தாயம்மா நின்றாள். இங்கேயே பேக்கிங்கில் இருப்பவள். காலையில் வழிமறித்துக் கேட்டாள்: "இன்னா சார், உன் மிஷினை நம்பி எங்க ஊட்டு ஆளை எறக்குற. அது ஒயுங்கா வேலை செய்யுமா?"

"உன் புருஷனை விட ஒழுங்கா வேலை செய்யும்" என்று இவர் சிரித்திருந்தார்.

கடைசிப் படி.

தொட்டியின் தலையில், வாய்க்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் நாகப்பன். முதுகு இந்தப் பக்கம். வலது கை முழங்கை வரை தொட்டிக்குள்.

தோளைத் தொட்டதும் துள்ளித் திரும்பினான்.

"கோச்சிக்காத சார். ரெண்டே இழுப்பு, எறங்கிடுறேன்." உள்ளிருந்து கையை எடுத்தான். விரலிடுக்கில் கரிந்த பீடி. "மேஸ்திரி பாத்துடுவாருன்னு உள்ள மறைச்சினு கீறேன். மூணு தபா பத்த வெச்சேன் சார், கைய உள்ள உட்டா அணைஞ்சி பூடுது. பீடி நமுத்துப் போச்சு போல."

வரதன் அவன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

சட்டைப் பையைத் தடவி, தன் சிகரெட் பாக்கெட்டை முழுசாக அவன் மடியில் வைத்தார்.

"கீழ போய்க் குடி. மேஸ்திரி எதிர்லயே குடி."