காணாமல் போனவர்

"நீ ஏறி எடம் புடி, நான் டீ வாங்கிக்கினு வரேன்" என்று மனைவி அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போன கலியமூர்த்தி, திரும்பி வருவதற்குள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து படகு கிளம்பிவிட்டது. அவள் படகில், அவளுடைய செல்போன் இவர் பையில்.

வடக்கனந்தலில் கரும்பு வெட்டு முடிந்த கையோடு, ஃபோர்ட் கொச்சியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அடுத்த படகில் ஏறியவருக்குக் கடலே கண்ணில் படவில்லை. இறங்கியதும் சீன வலை, பழைய தேவாலயம், வெள்ளைக்காரன் காலத்துத் தெருக்கள் என்று ஒன்று விடாமல் ஓடித் தேடினார். கடைசியில் காவல் நிலையத்தில் போய் நின்றார்.

"சார், என் சம்சாரத்தக் காணோங்க. ஒண்ணுந் தெரியாதவ. கள்ளக்குறிச்சிக்கே நான்தான் இட்டுக்கினு போவணும். பாஷ தெரியாம எங்க நின்னு அழுதுக்கினு இருக்காளோ!" சொல்லும்போதே குரல் உடைந்தது.

தமிழ் தெரிந்த காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊர் வடக்கனந்தலா?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரரைக் காணோம்னு புகார் சொல்லிட்டு, உள்ளே உட்கார்ந்து பழம்பொரி சாப்பிடறாங்க. 'ஒண்ணுந் தெரியாத மனுசன் சார், பசி தாங்க மாட்டாரு, நான் பக்கத்துல இல்லன்னா அழுதுடுவாரு'ன்னு அடையாளம் சொன்னாங்க."

கலியமூர்த்தி அவசர அவசரமாகத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது வேற யாராச்சும் இருக்கும் சார்."