மூன்றாவது நாற்காலி

“பில் கவுண்டருக்கு மூணு ஆள் வேண்டாம், ரெண்டு போதும்னு ரிப்போர்ட் குடுத்திருக்கா, அண்ணாச்சி. ஆஸ்பத்திரி நிர்வாகத்துல எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளையாம். மாடியில கம்ப்யூட்டரப் பாத்தே எழுதிட்டுப் போயிட்டா. இங்கன வந்து ஒரு நாளாவது உக்காந்து பாத்தாளா?” என்றான் ஜோஷ்வா. “கடைசியாச் சேந்தவன் நான்தான். வீட்ல எம் பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம்.”

சங்கரபாண்டியன் ரசீதுகளை எடுத்து அடுக்கினார். அந்தக் கவுண்டரில் அவருக்குப் பதினெட்டு வருஷம்.

மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். “சீனியர் நீங்க. யாரை நிறுத்தலாம்னு ஒரு பேரை எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவரை, ஜோஷ்வாவும் பக்கத்து நாற்காலி ஷீலாவும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ரெண்டு பேரும் வேலையப் பாருங்க” என்றவர், பைக் நிறுத்தியிருந்த பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டார்.

“ஏட்டி, உன் ரிப்போர்ட்ட அப்படியே ஏத்துக்கிட்டாவ.”

“உள்ளத எழுதுன்னு நீங்கதானப்பா சொன்னிய. யாரப்பா நிறுத்துதாவ?”

“அத விடு. நாளையிலேருந்து காலையில திருநெல்வேலி பஸ்ஸுக்கு உன்னைய நானே கொண்டு விடுதேன்.”