ஸ்மார்ட் போர்டில் தவளை

விலங்கியல் பேராசிரியர் தணிகாசலம், புதிதாக மாட்டிய ஸ்மார்ட் போர்டைப் பழைய வெள்ளைப் பலகை என்றே நினைத்து, அழியாத மார்க்கரால் தவளையின் இரைப்பையையும் குடலையும் வரைந்துவிட்டார். ஸ்பிரிட், பற்பசை, அவருடைய கண்ணீர், எதற்கும் அது மசியவில்லை. அன்றிலிருந்து அந்த வகுப்பறைத் திரையில் யார் எதைப் போட்டாலும் தவளை குறுக்கே கிடந்தது. வரலாற்று வகுப்பில் சோழர் படை குடலோரமாகவே கடாரம் போய்ச் சேர்ந்தது. பொருளியல் எஸ்தர் மேடத்தின் விலைவாசி வரைபடங்களெல்லாம் இரைப்பையில் விழுந்ததால், அவர் மூன்று மாதமாகத் தணிகாசலத்தோடு பேசுவதில்லை.

நேற்று போர்டை மாற்றினார்கள். இன்று காலை எஸ்தர் மேடம் கையில் மார்க்கரோடு தணிகாசலத்தின் முன் வந்து நின்றார்.

"சார், அந்த இரைப்பையை மட்டும் திரும்ப வரைஞ்சு குடுத்துடுங்க. விலைவாசி எங்க ஏறுதுன்னு கேட்டா, பசங்க அதைத்தான் தேடுறாங்க."